கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை: நாள் குறிப்பதிலிருந்து முடிவு கைக்கு வரும் வரை

உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாத பெண்களுக்காக எழுதிய அத்தியாயம் இது. வலி இல்லை, வெள்ளைப்படுதல் இல்லை, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறது, "எனக்கு எதுக்கு டெஸ்ட்?" என்று கேட்கிறீர்களா? இந்தப் பரிசோதனைக்குச் சரியான ஆள் நீங்கள்தான். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் தொந்தரவு கொடுக்கத் தொடங்கும்போது பெரும்பாலும் முற்றத் தொடங்கியிருக்கும். அதற்கு முன்பு பத்து முதல் இருபது ஆண்டுகள் வரை, வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல், கர்ப்பப்பை வாயின் மேல்தோலில் சின்ன மாற்றமாகவே அது கிடக்கும். அந்த மாற்றத்தைக் கண்டுபிடித்து அகற்றிவிட்டால் புற்றுநோய் வருவதில்லை. இவ்வளவு நீண்ட அவகாசம் தரும் புற்றுநோய்கள் மிகக் குறைவு. அப்படியிருந்தும் இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.25 லட்சம் பெண்களுக்கு இது புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. 75,000 பேருக்கு மேல் இறக்கிறார்கள்.

கோட்பாடு இவ்வளவு தெரிந்தால் போதும். இந்தப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். உடலுறவு வழியாகப் பரவும். தாம்பத்திய வாழ்க்கை உள்ள பெண்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது தொற்றும். பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்குள் உடம்பே அதை விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் போகாமல் தங்கிவிடும். அதிலும் 16, 18 என்ற இரண்டு வகைகள்தான் ஏறத்தாழ 70 சதவீதப் புற்றுநோய்களுக்குக் காரணம். தங்கிய வைரஸையோ, அது உண்டாக்கிய மாற்றத்தையோ தேடுவதுதான் பரிசோதனை.

எந்தப் பரிசோதனை, எந்த வயதில்

பொதுவாக 30 வயதில் தொடங்கி 65 வரை. மூன்று வழிகள் இருக்கின்றன.

1. வி.ஐ.ஏ. பரிசோதனை. கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று கண்ணாலேயே பார்ப்பது. சில இடங்களில் அதைத் தொடர்ந்து அயோடினும் தடவுவார்கள். தமிழ்நாட்டு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணம் இல்லாமல் செய்வது இதைத்தான். முடிவு அங்கேயே, அப்போதே தெரியும். 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை.

2. பாப் ஸ்மியர். சிறு தூரிகையால் செல்களைத் தேய்த்து எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது. முடிவு வரச் சில நாட்கள் ஆகும். 3 ஆண்டுக்கு ஒருமுறை.

3. எச்.பி.வி. பரிசோதனை. வைரஸ் இருக்கிறதா என்று நேரடியாகத் தேடுவது. மூன்றிலும் நம்பகமானது. இல்லை என்று வந்தால் 5 ஆண்டுகள் நிம்மதியாக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். தனியார் ஆய்வகங்களில் மற்ற இரண்டைவிட விலை கூட.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று யோசித்துக்கொண்டே ஆறு மாதத்தை ஓட்டிவிடாதீர்கள். எச்.பி.வி. பரிசோதனைக்கு வசதி இருந்தால் அதை எடுங்கள்; இல்லையென்றால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் எது இருக்கிறதோ அதை இந்த மாதமே எடுங்கள். இவ்வளவுதான் என் யோசனை.

சிலருக்கு மட்டும் கணக்கு வேறு:

- மாதவிலக்கு நின்றவர்கள். வயது ஏற ஏற, பார்க்க வேண்டிய பகுதி கர்ப்பப்பை வாயின் உட்பக்கமாக நகர்ந்துவிடும். கண்ணால் பார்க்கும் வி.ஐ.ஏ. அப்போது நம்பகமாக இருக்காது. பாப் ஸ்மியர் அல்லது எச்.பி.வி. எடுக்கக் கேளுங்கள். "அதெல்லாம் நின்னு போச்சே, இனிமே எதுக்கு?" என்று ஒதுங்குகிற வயதில்தான் நம் ஊரில் இந்த நோய் அதிகம் பிடிபடுகிறது.
- எச்.ஐ.வி. உள்ளவர்கள். இவர்களுக்கு மாற்றம் வேகமாக நடக்கும். 25 வயதிலேயே தொடங்க வேண்டும், இடைவெளியும் குறைவு. ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை வாங்கப் போகும்போதே கேளுங்கள்.
- கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்கள். கர்ப்பப்பை வாயையும் சேர்த்து எடுத்தார்களா, என்ன காரணத்துக்காக எடுத்தார்கள் என்று பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடிப் பாருங்கள். கட்டிக்காக முழுமையாக எடுத்திருந்தால் பரிசோதனை தேவையில்லை. வாயை விட்டுவைத்திருந்தாலோ, புற்றுநோயின் முன்நிலைக்காக எடுத்திருந்தாலோ கட்டாயம் தேவை.
- தடுப்பூசி போட்டவர்கள். ஊசி எல்லா வகை எச்.பி.வி.யையும் தடுப்பதில்லை. 30 வயது ஆனதும் இவர்களும் வர வேண்டும். வீட்டில் 9 முதல் 14 வயதுக்குள் பெண் குழந்தை இருந்தால் ஊசி போடச் சரியான வயது அதுதான். மகளுக்கு ஊசி, அம்மாவுக்குப் பரிசோதனை என்று ஒரே நடையில் இரண்டையும் விசாரித்துவிட்டு வாருங்கள்.
- உடலுறவே கொள்ளாதவர்கள். பொதுவாகத் தேவையில்லை. நர்ஸிடம் தயங்காமல் சொல்லிவிடுங்கள். அவர்கள் வற்புறுத்த மாட்டார்கள்.

பரிசோதனைக்குக் காத்திருக்கக் கூடாதவர்கள்

உடலுறவுக்குப் பிறகு ரத்தம், இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் ரத்தம், மாதவிலக்கு நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு ரத்தம், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல். இவற்றில் ஒன்று இருந்தாலும் முகாம் வரட்டும், லீவு கிடைக்கட்டும் என்று இருக்காதீர்கள். நேராக மகப்பேறு மருத்துவரிடம் போய், "உள்ளே பரிசோதித்துப் பாருங்கள்" என்று கேளுங்கள். போன வருடம் எடுத்த டெஸ்ட் நார்மல் என்பது இப்போது வந்திருக்கும் அறிகுறிக்குப் பதில் ஆகாது.

நாள் குறிப்பது

1. மாதவிலக்கு தொடங்கிய நாளை ஒன்று என்று வைத்து எண்ணுங்கள். பத்தாவது நாளிலிருந்து இருபதாவது நாளுக்குள் வரும் ஒரு நாள் நல்லது. ரத்தப்போக்கு இருக்கும் நாளில் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரண்டாம் முறை கிளம்புவது எவ்வளவு கடினம் என்பது உங்களுக்கே தெரியும்.

2. கர்ப்பமாக இருந்தால், அல்லது நாள் தள்ளிப்போயிருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். பிரசவமோ கருச்சிதைவோ ஆகியிருந்தால் ஆறு வாரமாவது கழியட்டும்.

3. அரசு நிலையம் என்றால், உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடமோ, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிரஷர் பார்க்கும் தன்னார்வலரிடமோ, எந்தக் கிழமை போனால் இந்தப் பரிசோதனைக்கு ஆள் இருப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நகரத்தில் இருப்பவர்களுக்கு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். விவரம் தெரியாவிட்டால் 104 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

4. காலையிலேயே போய்விடுங்கள். வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை, சாப்பிட்டுவிட்டே போங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், மார்பகப் பரிசோதனை மூன்றையும் அதே நாளில் முடித்துக்கொள்ளலாம்.

முந்தைய இரண்டு நாட்கள்

- 48 மணி நேரத்துக்கு உடலுறவு வேண்டாம்.
- பிறப்புறுப்பின் உள்ளே வைக்கும் மாத்திரை, கிரீம் எதுவும் வேண்டாம். மருத்துவர் எழுதிக் கொடுத்தது என்றால், அந்தக் கோர்ஸ் முடிந்த பிறகு நாள் குறியுங்கள்.
- உள்ளே சோப்பு, டெட்டால், வாசனைத் திரவம் போட்டுக் கழுவாதீர்கள். டாக்டரிடம் போகிறோமே, சுத்தமாகப் போக வேண்டும் என்று நினைத்துச் செய்கிற இந்த வேலைதான் ஸ்மியரைக் கெடுக்கிறது. பார்க்க வேண்டிய செல்களையே கழுவி அனுப்பிவிடுவீர்கள். எப்போதும்போல வெளியே தண்ணீரால் கழுவினால் போதும். சவரம் செய்யத் தேவையில்லை.

புடவையோ, பாவாடையோ, நைட்டியோ உடுத்திப் போவது வசதி. முழுதும் அவிழ்க்க வேண்டியிருக்காது. சுடிதார் என்றால் டாப்ஸ் நீளமாக இருக்கட்டும். ஒரு துப்பட்டாவும் ஒரு நாப்கினும் பையில் இருக்கட்டும். அயோடின் தடவினால் ஓரிரு நாள் பழுப்பாகக் கசியும், துணியில் கறை பிடிக்கும். அயோடின் ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் என்ன சொல்வது

பல பெண்கள் கிளம்பாமல் போவது வாசற்படியில்தான். "உனக்கு என்ன பிரச்சினை?" என்று கணவர் கேட்டால் பதில் எளிது: "பிரச்சினை இல்லாதப்பவே பாக்கற டெஸ்ட்டுங்க இது. பிரச்சினை வந்தா அப்புறம் மெட்ராஸுக்கு அலையணும்." மாமியார் முணுமுணுத்தால் அவரையும் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். ஐம்பத்தைந்து வயது மாமியாருக்கு இந்தப் பரிசோதனை உங்களைவிட அவசரம். பாப் ஸ்மியரோ எச்.பி.வி.யோ எங்கே எடுக்கலாம் என்று அவருக்காகவும் விசாரித்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டு அக்கா, வேலை செய்யும் இடத்துத் தோழி என்று இரண்டு மூன்று பேராகப் போனால் கூச்சமும் பாதியாகிவிடும்.

மேசை மேல் நடப்பது

தெரியாததுதான் பயமுறுத்துகிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மொத்தமும் ஐந்து முதல் பத்து நிமிடம்.

1. நர்ஸிடம் நேராகச் சொல்லுங்கள்: "சிஸ்டர், கர்ப்பப்பை வாய் டெஸ்ட் எடுக்கணும். தொந்தரவு ஒண்ணும் இல்ல. தலைக்குக் குளிச்சு பன்னிரண்டு நாள் ஆச்சு." பெயர், வயது, கைபேசி எண், எத்தனை குழந்தை என்று பதிவேட்டில் எழுதுவார்கள். உங்கள் கையில் இருக்கும், நீங்கள் எடுத்துப் பேசும் எண்ணையே கொடுங்கள். கணவரின் எண்ணையோ, ரீசார்ஜ் முடிந்துபோன பழைய எண்ணையோ கொடுத்து, மறுபரிசோதனைக்கு அழைக்க முடியாமல் போகிறவர்கள் ஏராளம்.

2. கழிவறை போய் சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். நிறைந்த சிறுநீர்ப்பை இருந்தால் அழுத்தம் அதிகமாகத் தெரியும்.

3. திரை மூடியிருக்கிறதா, கதவு தாழிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மூடச் சொல்லுங்கள். பரிசோதிப்பவர் ஆண் மருத்துவர் என்றால் ஒரு பெண் ஊழியர் கூட இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. அம்மாவோ தோழியோ தலைமாட்டில் நிற்கலாம்.

4. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதங்களை மேசையில் ஊன்றி, கால்களை அகட்டி வையுங்கள். இடுப்பு மேசையின் விளிம்பு வரை வர வேண்டும். பயத்தில் இடுப்பு தானாக மேலே நகரும். அப்படி நகர்ந்தால் கருவி சரியாகப் போகாது, வலிக்கும்.

5. ஸ்பெக்குலம் என்ற கருவியை உள்ளே விடுவார்கள். இரண்டு தகடுகள் சேர்ந்து வாத்தின் அலகுபோல இருக்கும். உள்ளே போன பிறகு மெதுவாகத் திறக்கும். உலோகக் கருவி என்றால் முதலில் சில்லென்று இருக்கும். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் போடச் சொல்லலாம். அந்த நேரத்தில் மூச்சைப் பிடிக்காதீர்கள். வாயைத் திறந்து மெல்ல மூச்சு விடுங்கள். கீழே இறுக்கம் தளரும்.

6. வி.ஐ.ஏ. என்றால், பஞ்சில் அசிட்டிக் அமிலத்தை நனைத்துத் தடவுவார்கள். லேசான எரிச்சல் இருக்கலாம். ஒரு நிமிடம் காத்திருந்து, விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பார்கள். அந்த ஒரு நிமிடத்தை அவசரப்படுத்தாதீர்கள். வெள்ளைத் திட்டு தெரிய அவ்வளவு நேரம் வேண்டும். ஸ்மியர் அல்லது எச்.பி.வி. என்றால், தூரிகையை வைத்துச் சுழற்றுவார்கள். அடிவயிற்றில் ஒரு சுருக்கென்ற உணர்வு வந்து போகும்.

7. வலி தாங்கவில்லை என்றால் "நிறுத்துங்க சிஸ்டர்" என்று சொல்லுங்கள். நிறுத்துவார்கள். சின்ன அளவு ஸ்பெக்குலம் இருக்கிறதா என்று கேளுங்கள். பிரசவத்தில் கிழிந்து தையல் போட்டவர்கள், மாதவிலக்கு நின்று வறட்சி உள்ளவர்கள் இதை முன்பே சொல்வது நல்லது.

வீட்டுக்குப் போய் எல்லா வேலையும் செய்யலாம். ஓரிரு நாள் லேசாக ரத்தம் படலாம். நாப்கின் நனையும் அளவுக்குப் போக்கு, காய்ச்சல், கடுமையான அடிவயிற்று வலி என்றால் திரும்பப் போக வேண்டும்.

எச்.பி.வி. பரிசோதனைக்கு மட்டும் இன்னொரு வசதி உண்டு: மாதிரியை நீங்களே எடுக்கலாம். ஸ்பெக்குலம் தேவையில்லை. கையைக் கழுவி, தூரிகையின் முனையைத் தொடாமல் உறையிலிருந்து எடுத்து, குந்தியபடியோ ஒரு காலை உயர வைத்தோ, உள்ளே செலுத்தி, கிட்டில் சொன்ன முறை சுழற்றி, குப்பியில் போட்டு மூடிக் கொடுப்பது. குப்பியில் திரவம் இருந்தால் கொட்டிவிடாதீர்கள். மேசையில் படுக்கவே மனம் ஒப்பாதவர்களுக்கு இது பெரிய விடுதலை. ஆய்வகத்தில் "செல்ஃப் சாம்பிளிங் கிட் இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள்.

முடிவை வாங்காமல் பரிசோதனை முடிவதில்லை

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000 முதல் 2003 வரை ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற நர்ஸ்கள் கிராமம் கிராமமாகப் போய், 30 முதல் 59 வயதுள்ள 31,343 பெண்களுக்கு வி.ஐ.ஏ. செய்தார்கள். 3,088 பேருக்கு பாசிட்டிவ் வந்தது. அவர்களில் 3,052 பேருக்கு, அதாவது ஏறக்குறைய எல்லோருக்கும், அடுத்த கட்டமான கால்போஸ்கோப்பி (கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்ப்பது) நடந்தது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பகுதியில் இந்தப் புற்றுநோயால் ஏற்பட்ட மரணங்கள், அழைக்கப்படாத பகுதியைவிட 35 சதவீதம் குறைவாக இருந்ததாக 2007இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளிவந்தது. நம் ஊர்ப் பெண்களும் நம் ஊர் நர்ஸ்களும் காட்டிய வழி இது. அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் உண்டு: முன்நிலை மாற்றம் இருப்பது உறுதியான 1,874 பேரில் சிகிச்சை எடுத்துக்கொண்டவர்கள் 72 சதவீதம்தான். மாற்றம் இருப்பது தெரிந்தும் நான்கில் ஒருவர் சிகிச்சைக்கு வரவில்லை. ஆய்வுக்குழுவே தேடி வந்த ஊரிலேயே இப்படி என்றால், நாமே பஸ் ஏறிப் போக வேண்டிய இடத்தில் எவ்வளவு பேர் விட்டுப்போவார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே, நிலையத்தை விட்டுக் கிளம்பும் முன்:

1. முடிவு இன்றே தெரியுமா, பிறகு வருமா? பிறகு என்றால் எந்தத் தேதி, எந்த அறை, யாரிடம்?
2. முடிவை எழுத்தில் வாங்குங்கள். "ஒண்ணுமில்லம்மா, போங்க" என்பது முடிவு ஆகாது.
3. "எங்களுக்கு ஃபோன் வரலையே, அப்ப நார்மல்தான்" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குறித்த தேதியில் நீங்களே போய்க் கேளுங்கள்.
4. வீட்டு ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை வைக்கும் அதே உறையில் ஒரு தாளை வைத்து இப்படி எழுதுங்கள்:

*தேதி: 12 ஜூன். இடம்: ஊர் ஆரம்ப சுகாதார நிலையம். பரிசோதனை: வி.ஐ.ஏ. முடிவு: நெகட்டிவ். அடுத்தது: மூன்று வருடம் கழித்து ஜூன்.*

கைபேசியில் படம் எடுத்து மகளுக்கோ தங்கைக்கோ அனுப்பிவிடுங்கள்.

தாளில் எழுதியிருப்பதைப் படிப்பது

*நெகட்டிவ், நார்மல்.* இப்போதைக்கு மாற்றம் இல்லை. அடுத்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

*இன்ஃப்ளமேட்டரி ஸ்மியர்.* நம் ஊர் ஆய்வகத் தாள்களில் அடிக்கடி வரும் வார்த்தை. அடிக்கடி அநாவசியமாகப் பயமுறுத்தும் வார்த்தையும்கூட. அழற்சி இருக்கிறது என்று மட்டுமே பொருள். கிருமித் தொற்று இருந்தால் மருந்து கொடுப்பார்கள். மறுபடி எடுக்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

*அன்சாட்டிஸ்ஃபாக்டரி.* மாதிரி போதவில்லை. மறுபடி எடுக்க வேண்டும். உங்கள் உடம்பில் கோளாறு என்று அர்த்தம் இல்லை.

*ஏ.எஸ்.சி.-யு.எஸ்., எல்.எஸ்.ஐ.எல்.* லேசான மாற்றம். பல நேரம் தானாகச் சரியாகும். எச்.பி.வி. பரிசோதனையோ, கால்போஸ்கோப்பியோ, குறித்த காலம் கழித்து மறுபரிசோதனையோ சொல்வார்கள்.

*எச்.எஸ்.ஐ.எல்.* கவனிக்க வேண்டிய மாற்றம். கால்போஸ்கோப்பி தாமதிக்கக் கூடாது.

*வி.ஐ.ஏ. பாசிட்டிவ்.* வெள்ளைத் திட்டு தெரிந்தது. அழற்சி, தழும்பு போன்றவையும் வெள்ளையாகத் தெரியலாம். புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை. உற்றுப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

*எச்.பி.வி. பாசிட்டிவ்.* வைரஸ் இருக்கிறது. இதுவும் புற்றுநோய் இல்லை. இந்தத் தாளை வைத்துக்கொண்டு வீட்டில் சண்டை வரக்கூடும் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இந்த வைரஸ் எத்தனையோ ஆண்டுகள் எந்தத் தடயமும் இல்லாமல் உடம்பில் இருக்கக்கூடியது. எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. கணவர் மீதோ மனைவி மீதோ சந்தேகப்பட இந்தத் தாளில் ஆதாரம் எதுவும் கிடையாது. வேண்டுமென்றால் மருத்துவரிடமே கணவரை அழைத்துப் போய் இதை விளக்கச் சொல்லுங்கள்.

பாசிட்டிவ் வந்தால் அடுத்த படி

1. பரிந்துரைச் சீட்டை வாங்குங்கள். எந்த மருத்துவமனை, எந்தக் கிழமை, எந்தப் பிரிவு என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ கால்போஸ்கோப்பி இருக்கும்.

2. அன்றைக்கே ஒரு துணையை முடிவு செய்யுங்கள். தனியாகப் போகிறேன் என்று வைத்த தேதிகள்தான் தள்ளிப் போகின்றன.

3. கால்போஸ்கோப்பி என்பது கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்ப்பது. படுக்கும் முறை அதேதான். கருவி வெளியிலேயே நிற்கும். சந்தேகமான இடத்திலிருந்து அரிசி அளவு சதையைக் கிள்ளி எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பலாம். சுருக்கென்று வலிக்கும், கொஞ்சம் ரத்தம் கசியும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

4. பயாப்ஸி முடிவில் முன்நிலை மாற்றத்தின் அளவு சி.ஐ.என். 1, 2, 3 என்று வரலாம். 1 பெரும்பாலும் தானாகச் சரியாகும், கவனித்து வந்தால் போதும். 2, 3 என்றால் பொதுவாகச் சிகிச்சை.

5. சிகிச்சை என்றதும் பெரிய ஆபரேஷனை நினைக்க வேண்டாம். சூட்டால் பொசுக்குவது, குளிரால் உறையவைப்பது இரண்டும் சில நிமிட வேலை. அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். மாற்றம் உள்ளே வரை போயிருந்தால் 'லீப்' என்ற முறையில் மின்கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை மட்டும் வழித்து எடுப்பார்கள். மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்வது.

6. பயாப்ஸியில் புற்றுநோய் என்றே வந்தால், ஒரு வாரம்கூட வீணாக்காமல் புற்றுநோய்ப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். தொடக்கநிலையில் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

"ஸ்கேன் எடுத்தாச்சு, எல்லாம் நார்மல்." வயிற்று ஸ்கேனில் கட்டி தெரியும், கர்ப்பப்பை அளவு தெரியும். கர்ப்பப்பை வாயின் மேல்தோல் மாற்றம் தெரியாது. மாஸ்டர் செக்கப்பில் பல ஆயிரம் கொடுத்துவிட்டு, இந்த ஒரு பரிசோதனை அதில் இல்லை என்பதைக் கவனிக்காமல் வருகிறவர்கள் உண்டு. பட்டியலில் 'பாப் ஸ்மியர்' அல்லது 'எச்.பி.வி.' என்ற வார்த்தை இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். ரத்தப் பரிசோதனையிலும் இது தெரியாது.

"கர்ப்பப்பையையே எடுத்துட்டா பயமில்ல." இதில் எனக்குக் கோபம் உண்டு. வெள்ளைப்படுதல் என்று போன பெண்ணிடம், விட்டால் கேன்சர் ஆகிவிடும் என்று சொல்லி கர்ப்பப்பையை எடுத்துவிடும் வழக்கம் நம் நாட்டில் இன்னும் ஒழியவில்லை. முப்பத்தைந்து வயதில் கர்ப்பப்பையோடு சினைப்பையும் போனால் எலும்பு, இதயம் எல்லாவற்றிலும் பாதிப்பு வரும். வெள்ளைப்படுதலுக்குப் பெரும்பாலும் மருந்தே போதும். யாராவது எடுக்கச் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: பாப் ஸ்மியர் அல்லது எச்.பி.வி. முடிவு எங்கே? பயாப்ஸி செய்தீர்களா, அதில் என்ன வந்தது? அந்தப் பகுதியை மட்டும் சிகிச்சை செய்ய முடியாதா? தாளில் பதில் கிடைக்கும் வரை கையெழுத்துப் போடாதீர்கள். இன்னொரு மருத்துவமனையில் காட்டுங்கள்.

ஒருமுறை எடுத்துவிட்டு மறந்துபோவது. முதல் பிரசவத்தின்போது எடுத்த ஸ்மியர் வாழ்நாளுக்கு ஆகாது.

சிகிச்சைக்குப் பிறகு

பொசுக்கியோ உறையவைத்தோ முடித்த பிறகு இரண்டு முதல் நான்கு வாரம் தண்ணீராகக் கசிந்துகொண்டே இருக்கும். இது எதிர்பார்த்ததுதான். நாப்கின் வைத்துக்கொள்ளுங்கள், டாம்பான் வேண்டாம், உள்ளே எதுவும் விட்டுக் கழுவ வேண்டாம். நான்கு வாரம் உடலுறவு தவிர்க்க வேண்டும். 'லீப்' என்றால் ஆறு வாரம் வரையும் சொல்லலாம். இதை மருத்துவர் கணவரிடமே சொல்லிவிட்டால் உங்களுக்குச் சங்கடம் குறையும். கனமான குடம், மூட்டை தூக்குவதைச் சில நாட்களுக்கு நிறுத்துங்கள்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை: காய்ச்சலோ குளிரோ, மாதவிலக்கைவிட அதிகமான ரத்தப்போக்கு, கட்டி கட்டியாக ரத்தம், மாத்திரைக்கு அடங்காத அடிவயிற்று வலி, சீழ்போல அல்லது துர்நாற்றத்தோடு கசிவு. இரவு என்றால் 108.

சிகிச்சை முடிந்து 12 மாதத்தில் மறுபரிசோதனை. அது நார்மல் என்று வந்தாலும், அதற்கடுத்து எப்போது வர வேண்டும் என்று அந்த மருத்துவரிடமே கேட்டு, உறையில் இருக்கும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முன்நிலை மாற்றம் வந்துபோனவர்களுக்குக் கண்காணிப்பு மற்றவர்களைவிட நீண்டகாலம் தொடரும். 65 வயது ஆனதும் தானாக நின்றுவிடாது.